வீமனும் பாண் ஓட்டோவும்: வாகனம் துரத்தும் நாய் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பெயர் வீமன். நாட்டு நாய், ஆண். வயது இரண்டாகப் போகிறது, எடை 17 கிலோ. ஊர் மட்டக்களப்பு நாவற்குடா. கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. வீட்டில் ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர், அவருடைய மகள், பதினைந்து வயதுப் பேரன். மருமகன் கட்டாரில். முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: கடப்படியால் போகிற மோட்டார் சைக்கிளையும் ஓட்டோவையும் விடாமல் துரத்துகிறது.

துரத்தல் புதிதல்ல. குட்டிப் பருவம் முடிகிற நேரம் சைக்கிளுக்குப் பின்னால் ஓடத் தொடங்கி, பிறகு மோட்டார் சைக்கிள், அப்புறம் ஓட்டோ என்று வளர்ந்திருக்கிறது. "சின்னப் புள்ள விளையாடுது" என்று எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. மிருக வைத்தியரான என்னிடம் கொண்டுவரும்போது யாரும் சிரிக்கவில்லை. முதல் நாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் போன ஒருவர், நாய் கிட்ட வந்ததும் உதைக்கக் காலைத் தூக்கி, சமநிலை தவறி மணலில் சறுக்கி விழுந்திருந்தார். அவருக்கு முழங்கையில் உரசல் காயம். வீமனுக்கு முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. பல் எங்கும் படவில்லை. பட்டிருந்தால் கதையே வேறு. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டை சரியாக இருந்தாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

விழுந்தவர் பொலிசுக்குப் போகவில்லை, நல்ல மனிதர். ஒழுங்கைக்காரர்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "இதைக் கொண்டுபோய்ப் படுவான்கரையில எங்கயாவது விட்டுட்டு வாங்க ரீச்சர்." நம்மூரில் இது வழமையான யோசனை. நாயைச் சாக்கில் போட்டு வாவிக்கு அங்கால் இறக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு. படுவான்கரையில் வவுணதீவுப் பக்கமும் மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. அங்கே சாப்பாடும் இல்லாமல், தடுப்பூசிக்கு ஆளும் இல்லாமல், அதே பழக்கத்தோடு ஒரு நாய் தெருவில் நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உடம்பைப் பார்த்தேன். கண், காது, மூட்டு எல்லாம் நன்றாக இருந்தன. திடீரென்று குணம் மாறிய நாய் என்றால் வலியோ பார்வைக் குறையோ இருக்கிறதா என்று தோண்ட வேண்டும். வீமனுடையது மெல்ல மெல்ல வளர்ந்த பழக்கம். நோய்க்கான அறிகுறி இல்லை.

எதைத் துரத்துகிறது, எதை விடுகிறது

"எல்லாத்தையும் துரத்துது டொக்டர்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எந்த நாயும் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. அதனால் பேரனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஒரு கிழமைக்கு எழுதச் சொன்னேன். என்ன வாகனம், எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நாய் அப்போது எங்கே கிடந்தது, என்ன செய்தது என்று. முடிந்தால் போனில் வீடியோ. பொடியன் கெட்டிக்காரன், ரீச்சரின் பேரன் ஆயிற்றே, கோடு போட்டு நிரல் பிரித்து எழுதியிருந்தான்.

கொப்பியில் தெரிந்தது இது. பஸ்ஸும் பெரிய லொறியும் அந்த ஒழுங்கைக்குள் வராது, எப்போதாவது வருவது மண் ஏற்றிய டிப்பர். அதைக் கண்டால் குரைக்கும், சில நேரம் ஓடும். நின்றுகொண்டிருக்கும் வாகனம் எதையும் திரும்பியும் பார்ப்பதில்லை. மெதுவாக வந்து மெதுவாகவே போகிறதைப் பெரும்பாலும் விட்டுவிடும். வாவிப் பக்கமிருந்து வருகிறவற்றைத் தூரத்திலேயே கண்டு, தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் படுத்திருந்து, நேரே வந்ததும் பாயும். பிரதான வீதிப் பக்கமிருந்து வருகிறவை பக்கத்து வீட்டு மதில் மூலையில் திடீரென்று வெளிப்படும், அதற்கு யோசனையே இல்லை, உடனே பாய்ச்சல்.

இன்னொன்றும் இருந்தது, அது எனக்கே பிடித்த கண்டுபிடிப்பு. கேட்டுக்கு நேரே வீதியில் ஒரு பள்ளம். எல்லா வாகனமும் அங்கே வேகத்தைக் குறைத்து, இறங்கி ஏறி, பிறகு முறுக்கிக்கொண்டு போகின்றன. வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், நாய் எழும்புவது வாகனம் வந்ததற்கு அல்ல. இயந்திரச் சத்தம் ஏறி வாகனம் விலகத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் எழும்புகிறது. பள்ளம் இல்லாத அடுத்த வீட்டு நாய் இரண்டு பெரும்பாலும் படுத்தே கிடக்கின்றன, வீமன் ஓடினால் மட்டும் சேர்ந்து ஓடுகின்றன.

பிடித்தால் என்ன செய்வான் என்பதையும் அறிய வேண்டும். வாகனம் துரத்தும் நாய்கள் எல்லாம் ஒரே காரணத்துக்காகத் துரத்துவதில்லை. இரை விரட்டும் உந்துதல் ஒன்று, வளவைக் காப்பது ஒன்று, பயந்து முந்திக்கொண்டு எதிர்ப்பது இன்னொன்று. பயந்த நாயை வாகனத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பழக்கினால் கடி வாங்க நேரும். ஆகவே நெஞ்சுப்பட்டி போட்டு, நீளக் கயிற்றின் மற்ற நுனியை மாமரத்தில் கட்டிவிட்டு, பேரனின் மச்சானை மோட்டார் சைக்கிளில் கேட்டுக்கு வெளியே மெதுவாக வரச் சொன்னோம். வந்தார். வீமன் எழும்பினான். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். வீமன் நின்றுவிட்டான். இரண்டு பக்கமும் பார்த்தான். வாலைத் தாழ்த்தவுமில்லை, உறுமவுமில்லை. பிறகு அவர் வண்டியை மெல்லத் தள்ளிக் கயிறு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார். பின் சில்லை நன்றாக மோப்பம் பிடித்துவிட்டுக் காலைத் தூக்கினான். புதுப் பல்சர். மச்சானுக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது: பயத்தால் அல்ல, ஓடுகிற ஆசையால்தான் துரத்துகிறான்.

வீடியோவிலும் அதற்குச் சாட்சி இருந்தது. ஓட்டம் தொடங்கும்போது சத்தம் இல்லை, குரைப்பு வருவது வாகனம் தாண்டிப் போன பிறகு. இரை விரட்டும் நாய் பெரும்பாலும் குரைத்துக்கொண்டு ஓடுவதில்லை, காவல்கார நாய்தான் முதலிலேயே குரைக்கும். வீட்டுக்கு வெளியே, கடற்கரை வீதியில் கயிற்றில் கொண்டுபோனபோதும் மோட்டார் சைக்கிளைக் கண்டு இழுத்தான், ஆனால் குரைக்கவில்லை. முக்கால் பங்கு துரத்தும் ஆசை, கால் பங்கு வளவுக் காவல் என்று நான் முடிவுக்கு வந்தேன்.

ஒவ்வொரு முறையும் வெற்றி

நாயின் வேட்டை ஒரு தொடர். பார்த்தல், கண்ணால் பிடித்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்தல், தின்னுதல். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் கொப்பிங்கர் நாய்களைப் பற்றி எழுதியபோது இந்தத் தொடரை வைத்துத்தான் இனங்களைப் பிரித்துக் காட்டினார். மனிதர் வளர்ப்பில் இந்தச் சங்கிலி இனத்துக்கு இனம் வேறு வேறு இடத்தில் நீண்டும் அறுந்தும் போயிருக்கிறது. செம்மறி மேய்க்கும் போர்டர் கொலிக்குக் கண், பதுங்கல், துரத்தல் மூன்றும் ஓங்கி நிற்கும், கவ்வலுக்குப் பிந்தியது அடங்கிக் கிடக்கும். வீமன் போன்ற நாட்டு நாயிடம் எது எவ்வளவு இருக்கும் என்று இனத்தை வைத்துச் சொல்ல முடியாது. ரீச்சர் சொன்னார், இது படுவான்கரை மாட்டுப்பட்டியில் எடுத்த குட்டி, பட்டி நாய் இரத்தம் அப்படித்தான் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பட்டியில் நிற்கிற நாய்க்கு மாட்டைத் துரத்தினால் அடிதான் விழும். அங்கே அதற்குக் காவல் வேலை.

இந்தத் தொடரின் விசேஷம், ஒவ்வொரு கட்டமும் தன்னளவிலேயே நாய்க்கு இன்பம் என்பது. தின்னக் கிடைத்தால்தான் சந்தோஷம் என்றில்லை. ஓடுவதே கூலி. யாரும் இறைச்சி கொடுக்க வேண்டியதில்லை, யாரும் தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதோடு காவல் பங்கும் சேர்கிறது. ஓட்டோ எப்படியும் போய்விடத்தான் போகிறது. நாய்க்கு அது தெரியாது. நாயின் கணக்கில் நான் ஓடினேன், அது பயந்து ஓடிவிட்டது. அந்தக் கொப்பியின்படி ஒரு நாளில் நாற்பதுக்கு மேல் வாகனம் அந்தப் பக்கம் போகிறது. அதில் கால்வாசியைத் துரத்தினாலும், தோல்வியே காணாத ஒரு வீரனை நாம் நாள்தோறும் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறோம்.

உடலமைப்பும் ஒத்துழைக்கிறது. நாயின் கண் நிறத்தில் குறைவு, நீலமும் மஞ்சளுமே அதற்குத் தெளிவு. ஆனால் அசைவைப் பிடிப்பதில் நம்மைவிடக் கெட்டி. முகத்தின் பக்கவாட்டில் கண் இருப்பதால் ஏறத்தாழ 240 பாகைவரை பார்வை விரியும், நமக்கு 180 தான். காது 45,000 ஹேர்ட்ஸ் வரை பிடிக்கும், நமக்கு நல்ல வயதில் 20,000. நாம் கேளாத கிறீச்சையும் அது கேட்கும். ஓட்டோவின் ஒழுங்கை வேகமோ ஆரோக்கியமான நாய் ஒன்று கொஞ்சத் தூரம் ஈடுகொடுத்து ஓடக்கூடிய வேகம். பஸ் முந்திவிடும், சைக்கிள் சீக்கிரம் அகப்பட்டுவிடும். ஓட்டோதான் பிடிபடும் போல இருந்து பிடிபடாமல் போவது.

ஊர் வைத்தியம்

அந்த வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தவை பல. கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். வாகனம் வர வர நாய் பாயும், சங்கிலி முடிகிற இடத்தில் கழுத்து வெட்டி இழுபடும், வாகனம் போய்விடும். ஆசையும் நிறைவேறாது, வலியும் மிச்சம். இப்படிக் கட்டிவைத்த நாய் சில மாதத்தில் துரத்துவதோடு கடிக்கவும் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். கட்டுகிற இடத்தை வீட்டுக்குப் பின்னால் மாற்றியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே குறைந்திருக்கும்.

கழுத்தில் கட்டை தொங்கவிடுவது பழைய முறை. ஓடும்போது முழங்காலில் அடிக்கும், ஓட்டம் குறையும் என்பது எண்ணம். ஓட்டம் குறைகிறதோ இல்லையோ, முன்னங்கால் எலும்பு வீங்கும். வாகனத்துக்கு விலகத் தெரிந்த நாய் கட்டையோடு விலக முடியாமல் சில்லுக்குள் போன சம்பவமும் உண்டு. தண்ணீர் ஊற்றுவது, கல் எறிவது, ஓட்டோக்காரர் பொல்லால் தட்டுவது எல்லாம் ஒரு வகை. உச்ச வேகத்தில் இருக்கும் நாய்க்கு அந்த நேரம் வலி பெரிதாகத் தெரியாது. தெரிந்தால், அந்த வலியைத் தன் ஓட்டத்தோடு அல்ல, அந்த வாகனத்தோடும் ஆளோடும் முடிச்சுப் போட்டுவிடும். விளையாட்டாகத் துரத்தியது பகையாகத் துரத்தத் தொடங்கும்.

பேரன் இணையத்தில் மின்சார அதிர்ச்சிப் பட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். வேண்டாம் என்றேன். வேல்ஸ் நாட்டில் 2010 இலிருந்து அதற்குத் தடை. அது சட்ட விஷயம், என் காரணம் வேறு. பொத்தானை அழுத்தும் நேரம் அரை விநாடி பிந்தினால், வீதியோரம் நின்ற பிள்ளையையோ பக்கத்து வீட்டு அம்மாவையோ அந்த நாய் எதிரியாகப் படித்துக்கொள்ளும்.

விதை எடுத்தால் சரிவருமா என்று மகள் கேட்டார். ஆண் நாய் ஊர் சுற்றுவது குறையும், பெட்டைக்குப் பின்னால் போவது குறையும், அதற்காகச் செய்யலாம், செய்தோம். துரத்தும் ஆசைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தோம்.

செய்தது

முதல் வேலை பயிற்சி அல்ல, பூட்டு. ஒரு துரத்தலும் இனி நடக்கக் கூடாது. கூலி கிடைத்துக்கொண்டே இருக்கும்வரை வேறு எதைக் கற்பித்தாலும் நிற்காது. கம்பிக் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் அடைத்தோம். பக்கத்துக் கிடுகு வேலியில் அடிப்பக்கம் உக்கிப்போய் ஒரு சாண் இடைவெளி, அதற்குள்ளால் சில்லு மட்டும் தெரியும். துரத்தும் நாய்க்கு அதைவிடக் கிளர்ச்சி வேறு இல்லை. அதற்கும் தகரம். கேட்டுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங். காலையில் பள்ளிக்கூட நேரமும் பின்னேரமும் நாய் பின் வளவில். அங்கே மாமரத்துக்கும் கிணற்றடித் தூணுக்கும் இடையில் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிறு.

முதல் சில நாள் முன்னையதைவிட மோசம். குரைப்புக் கூடியது, தகரத்தடியில் கிடங்கு தோண்டினான். ரீச்சர் போன் எடுத்து, "இது கூடிற்று டொக்டர், கழட்டட்டா?" என்றார். வழக்கமாகக் கிடைத்த ஒன்று நின்றுபோனால், அடங்குவதற்கு முன் எந்த உயிரும் ஒருமுறை வேகமாக முயன்று பார்க்கும். அந்த நேரம் திறந்துவிட்டால், கூடுதலாகக் கத்தினால் கிடைக்கும் என்று அது படித்துவிடும். கழற்றவில்லை. தகரத்தடியில் செங்கல் பதித்தோம்.

ஓட்டத்தைப் பறித்தால் வேறு ஓட்டம் கொடுக்க வேண்டும். விடியற்காலையில் நாவற்குடாக் கடற்கரை, பத்து மீற்றர் நைலோன் கயிறு. அது மீன்பிடிச் சாமான் கடையில் மலிவு, கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் உரியும். வீட்டில் ஒரு மூங்கில் தடி, நுனியில் கயிறு, கயிற்றில் பழைய சாரத் துண்டு. அதைத் துரத்தலாம், ஆனால் சட்டம் உண்டு. 'இரு' என்றால் இருக்க வேண்டும், 'போ' என்றால் துரத்தலாம், 'விடு' என்றால் விட வேண்டும், விட்டால் மறுகா விளையாட்டுத் தொடரும். துரத்தும் ஆசையை அணைக்கவில்லை, அதற்கு ஒரு சாவி செய்தோம். இந்தத் தடி விளையாட்டு நாயைவிடப் பேரனை மாற்றியது என்று ரீச்சர் சொல்வார், பொடியன் போனை வைத்துவிட்டு வளவுக்குள் இறங்கியது அதற்காகத்தான்.

திரும்புவதற்கு ஒரு சொல் வேண்டும். அந்த வீட்டில் 'கிறுகு'. முதலில் குசினிக்குள், நாய்க்கு வேறு வேலை இல்லாத நேரம். சொல், உடனே ஆள் திரும்பி நடப்பார், நாய் திரும்பினால் ஈரல் துண்டு. உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் அவித்த ஈரல், கச்சான் விதை அளவு. அன்றைய சாப்பாட்டில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துரத்த முடியாத அளவுக்குக் கொழுத்துவிடும், அதுவும் ஒரு தீர்வுதான் என்று மகள் பகிடி விட்டார். குசினியிலிருந்து விறாந்தை, விறாந்தையிலிருந்து பின் வளவு, பிறகு வாகனம் இல்லாத நேரத்தில் ஒழுங்கை. வாகனத்தின் முன்னால் அந்தச் சொல்லைப் பாவிக்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான்.

இனி வாகனம். எங்கே தொடங்குவது? கல்முனை வீதி ஓரம் தொடங்கலாம் என்று முதலில் யோசனை. அங்கே வாகனம் ஓயாது, வேகமும் எங்கள் கையில் இல்லை. எந்தத் தூரத்தில் நாய் வாகனத்தைக் காணும், ஆனால் இன்னும் ஈரலைச் சாப்பிடும், பெயரைக் கூப்பிட்டால் காது திருப்பும் என்று பார்த்து அந்த எல்லைக்கு இப்பால் நின்றுதான் பழக்க வேண்டும். சாப்பிட மறுத்தால் கிட்ட வந்துவிட்டோம் என்று பொருள். பிரதான வீதியில் அந்த எல்லையே கிடைக்கவில்லை.

கைகொடுத்தது பாண் ஓட்டோ, ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் விற்கிற வண்டி. காலையும் பின்னேரமும் சொல்லி வைத்த நேரத்தில் வரும். வரும் முன்னே பாட்டு வரும். மெதுவாகத்தான் போகும், வீட்டுக்கு வீடு நிற்கும். ஓட்டுகிற தம்பியிடம் சொன்னால் கேட்பார். பழக்குவதற்கு இதைவிடத் தோதான வாகனத்தை விலைக்கும் வாங்க முடியாது. ஆனால் வீமனுக்கு அந்தப் பாட்டுத்தான் யுத்தப் பறை. பாட்டு வீதி முனையில் கேட்டதுமே கேட்டுக்கு ஓடிக் காத்திருப்பான். பாட்டை வாகனத்தின் முன்னறிவிப்பாக அவனாகவே படித்திருந்தான். மணி கேட்டாலே சாப்பாடு வருகிறது என்று வாயூறிய, விஞ்ஞானி பாவ்லோவின் பரிசோதனை நாய் மாதிரி.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டோம். பேரன் அதைப் போனில் பதிவுசெய்தான். பின் வளவில், மெல்லிய சத்தத்தில் பாட்டு, உடனே ஈரல். பாட்டு நின்றால் ஈரலும் நிற்கும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். தொடக்கத்தில் பேரன் ஈரலை முதலில் காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான். அப்படிச் செய்தால் ஈரல்தான் பாட்டுக்கு முன்னறிவிப்பு ஆகும், நாய் ஈரலைக் கண்டதும் வாகனத்தைத் தேடும். வரிசை மாறக் கூடாது: முதலில் வாகனம், பிறகு தீனி. இது சின்ன விஷயம் போலத் தெரியும், பழக்கம் பிழைத்துப்போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையில்தான் பிழைக்கிறது.

பிறகு ஒரு பின்னேரம் உண்மையான பாண் ஓட்டோ பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தபோது, வீமன் கேட்டுக்கு ஓடாமல் குசினி வாசலுக்கு வந்து நின்றான். ரீச்சரே போன் எடுத்துச் சொன்னார்.

அங்கிருந்து வெளியே. கயிற்றோடு, ஒழுங்கையின் வாவிப் பக்க வெளியில், பாண் ஓட்டோ வீட்டுக்கு வீடு நிற்பதைத் தூரத்தில் பார்ப்பது. பார்த்தால் ஈரல். சில கிழமையில் வாகனத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேரனின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். அந்தத் திரும்பிப் பார்ப்பு வந்த பிறகுதான் கிட்ட நகர்ந்தோம். பிறகு மச்சானின் பல்சர். நிற்கும் வண்டி, இயந்திரம் ஓடும் வண்டி, தள்ளிக்கொண்டு போகும் வண்டி, மெதுவாக ஓடும் வண்டி, கடைசியில் முறுக்கிக்கொண்டு விலகும் வண்டி. தூரம், வேகம், சத்தம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் கூட்டினோம். வேகத்தைக் கூட்டினால் தூரத்தையும் கூட்டிப் பின்னால் போனோம். விலகும் கணத்துக்கு நேரம் அதிகம் எடுத்தது. பள்ளத்தடியில் அவன் படித்தது அத்தனை ஆழம்.

ஒரே நாளில் அதிகம் செய்யக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறார். காலை ஆறரைக்குப் பாண், ஏழுக்குப் பள்ளிக்கூட வான், அதன் பிறகு மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் என்று அடுத்தடுத்து வந்தால், முதலாவதுக்கு அமைதியாக இருந்த நாய் மூன்றாவதுக்குப் பாயும். கிளம்பிய பதற்றம் உடம்பில் இறங்க நேரம் எடுக்கும். முதலாவது நன்றாகப் போனால் அத்தோடு உள்ளே.

மழையும் ஒரு சறுக்கலும்

கார்த்திகை பிறந்து மழை தொடங்கியதும் எல்லாம் நின்றது. ஒழுங்கையில் வெள்ளம், வாகனம் அரிது, பேரனுக்குக் காய்ச்சல். தண்ணீர் வடிந்து பொங்கல் வந்த நேரம் கேட்டின் ஸ்பிரிங் துருவேறி இறுகிப்போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சொந்தக்காரர் வரப் போக, மூடாத கேட்டால் வீமன் வெளியே பாய்ந்து மீன்காரரின் மோட்டார் சைக்கிளைச் சந்தி வரை துரத்திக்கொண்டு போனான். யாருக்கும் காயமில்லை.

"இவ்வளவு காலமும் செய்தது வீணாப் போச்சே" என்றார் ரீச்சர். வீணாகவில்லை, ஆனால் சும்மா விடக்கூடிய விஷயமும் அல்ல. எப்போதாவது கிடைக்கும் வெற்றி, நாளாந்தம் கிடைப்பதைவிட உறுதியாக ஒரு பழக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். லொத்தர் வாங்குகிறவர்கள் ஏன் விடுவதில்லை என்பதும் இதே கணக்குத்தான். ஸ்பிரிங்கை மாற்றி, அதற்கு மேலாகக் கேட்டில் உள்பக்கக் கொக்கியும் போட்டோம். தூரத்தைப் பழையபடி வாவி வெளி வரைக்கும் பின்னுக்குக் கொண்டுபோய் மீண்டும் தொடங்கினோம். இரண்டாம் தடவை மிகச் சீக்கிரம் முன்னேறினான்.

ஒழுங்கைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள் வைத்தோம், ரீச்சர் சொன்னால் எடுபடும் என்பதால் அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாய் துரத்தினால் காலைத் தூக்காதீர்கள், முறுக்காதீர்கள், வேகத்தை மெல்லக் குறையுங்கள், முடிந்தால் நில்லுங்கள். ஓடாததைத் துரத்த எந்த நாய்க்கும் ஆர்வம் இல்லை. விழுவது பெரும்பாலும் நாயால் அல்ல, உதைக்கப் போன காலால். கேட்டடிப் பள்ளத்தை நிரப்பினால் என்ன என்றும் கேட்டார். அடுத்த கிழமை யாரோ இரண்டு பக்கற் கொங்கிறீற் கொட்டியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த எந்த மருந்தும் அந்த அளவு வேலை செய்ததில்லை.

இப்போது

வீமன் குணமாகவில்லை. இந்தச் சொல்லை நான் இந்த விஷயத்தில் பாவிப்பதில்லை. ஆசை உள்ளே இருக்கிறது, அதன் மேல் வேறு ஒரு பழக்கம் ஏறியிருக்கிறது. கயிற்றில் ஒழுங்கையால் நடக்கும்போது ஓட்டோ தாண்டிப் போனால் பார்க்கிறான், பேரனைப் பார்க்கிறான், நடக்கிறான். மோட்டார் சைக்கிள் முறுக்கினால் காது நிமிரும், 'கிறுகு' என்றால் திரும்புகிறான், பத்துக்கு ஒன்பது முறை. அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் கயிறு. வீதியில் கயிறில்லாமல் விடலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் இல்லை. நல்ல பழக்கம் உள்ள நாய்க்கும் அதே பதில்தான்.

விழுந்த அந்த மனிதர் இன்னும் ரீச்சர் வீட்டடியில் வேகத்தைக் குறைத்துத்தான் போகிறார். அடுத்த வீட்டு நாய் இரண்டும் இப்போது தாங்களாகவே ஓடத் தொடங்கியிருக்கின்றன, ஒழுங்கைக்காரர் பழக்கத்தில் அதையும் வீமன் தலையில் கட்டுகிறார்கள்.

மண் டிப்பர்தான் மிச்சம். அதைக் கண்டால் இன்னும் குரைக்கிறான், சத்தமும் உருவமும் சேர்ந்து அது வேறு கணக்கு, அதில் பயமும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒழுங்கைக்குள் பழக்க இடம் போதாது. கடற்கரை வெளியில் நிறுத்தி வைத்திருக்கும் டிப்பர் ஒன்றில், இயந்திரம் ஓடாத நேரம் தொடங்கலாம் என்று பேரன் திட்டம் போட்டுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். ஓ.எல். பரீட்சை முடியட்டும், அதுக்குப் பிறகு எந்த டிப்பரையும் பாருங்க என்று அம்மம்மா சொல்லிவிட்டார்.